நெருங்குவது வேறு, முந்துவது வேறு: எஃப்1 விதிகள் பற்றி ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 2022இல் எஃப்1 (ஃபார்முலா 1 பந்தயம்) காரின் வடிவ விதிகளை அடியோடு மாற்றி, இனிமேல் கார்கள் ஒட்டி ஓடும், ஓவர்டேக் நிறைய நடக்கும் என்றார்கள்; முதல் வருஷம் பரவாயில்லை, ஆனால் 2024, 2025இல் மறுபடியும் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போனார்கள்; அப்படியென்றால் விதி தோற்றுவிட்டதா, டிஆர்எஸ் (பின்னால் வருகிறவர் நேர்ச்சாலையில் காரின் பின்பக்க இறக்கையைத் திறந்து வேகம் கூட்டிக்கொள்ளும் வசதி) இல்லாமல் முந்தவே முடியாதா? இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பின்னால் வரும் கார் வளைவுக்குள்ளும் முன்னால் போகிற காரை நெருங்கித் தொடர முடிகிறதா என்பது ஒன்று. தொடர்ந்த பிறகு அதைத் தாண்ட முடிகிறதா என்பது இன்னொன்று. டிவியில் பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் காற்றைக் கணக்குப் போடுகிறவனுக்கு இரண்டும் வேறு வேறு, பல நேரம் ஒன்று இன்னொன்றுக்கு எதிராகவே போகும். ஒன்றைச் சரிசெய்யப் போட்ட விதி மற்றதைக் கெடுத்தது எஃப்1இல் பலமுறை நடந்திருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி: நான் ஏரோடைனமிக்ஸ் படித்தவன், பதினான்கு வருஷமாக வாகனங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்கிடுவதுதான் தொழில். ஆனால் அது பஸ், லாரி, கார் என்று சாலை வாகனங்களில்; ரேஸ் அணி எதிலும் இருந்ததில்லை. ஆகவே காற்று பற்றிச் சொல்வதை என் தொழிலறிவாக எடுத்துக்கொள்ளுங்கள், டயர் பற்றிச் சொல்வதை இருபது வருஷமாக ரேஸ் பார்க்கிறவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் பைக்கில் ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் போயிருந்தால் பாதி விஷயம் உங்களுக்கே தெரியும் (இதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், ஆபத்து). கொஞ்ச தூரத்தில் இருக்கும்போது எதிர்காற்று சட்டென்று குறையும், ஆக்ஸிலேட்டரைத் திருகாமலே வண்டி முன்னால் போகும். இன்னும் கிட்டே போனால் ஹெல்மெட் இடமும் வலமும் ஆடும், ஹேண்டில் லேசாகும், சட்டை படபடவென்று அடிக்கும். முதலாவது ஸ்லிப்ஸ்ட்ரீம், இரண்டாவது டர்ட்டி ஏர். இரண்டும் ஒரே காற்றுதான். லாரி தன் பின்னால் விட்டுப்போகிற, வேகம் இழந்த, சுழன்றுகொண்டிருக்கிற காற்று. நேர்ச்சாலையில் அது உங்களுக்கு உதவி, திரும்பும்போது உபத்திரவம்.

எஃப்1 காருக்கு இந்த உபத்திரவம் ஏன் இவ்வளவு பெரிது என்றால், அந்தக் கார் வளைவில் தரையைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் காற்றின் அழுத்தத்தால்தான். விங்கும் (காரின் முன்னாலும் பின்னாலும் உள்ள இறக்கை) அடித்தளமும் சேர்ந்து காரைக் கீழே அழுத்துகின்றன, அதைத்தான் டவுன்ஃபோர்ஸ் என்கிறோம். வேகமாக வரும் சுத்தமான காற்று இருந்தால்தான் அது கிடைக்கும். காற்றின் வேகம் பத்து சதவீதம் குறைந்தால் டவுன்ஃபோர்ஸ் கிட்டத்தட்ட இருபது சதவீதம் போய்விடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணினித் திரையில் இதைப் பார்த்தால் சட்டென்று புரியும்: சுத்தமான காற்றைச் சிவப்பிலும் சக்தி இழந்த காற்றை நீலத்திலும் வரைவோம், முன்னால் போகிற வாகனத்தின் பின்னால் ஒரு நீலத் திட்டு வால் மாதிரி நீளும், அதற்குள் இரண்டாவது வாகனத்தை வைத்துக் கணக்கை ஓட்டினால் அதன் மூக்கின் மீது இருக்க வேண்டிய சிவப்பு வெளுத்துப்போய் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். பஸ்ஸில் இது நல்ல செய்தி, டீசல் மிச்சம். ரேஸ் காரில் அந்த மூக்கில் ஃப்ரண்ட் விங் இருக்கிறது. பெரும்பாலும் பின்பக்கத்தை விட முன்பக்கம் அதிகமாகப் பிடியை இழப்பதால், ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்ப மறுக்கும், அண்டர்ஸ்டியர் என்பது அதுதான். முன் டயர் சறுக்கும், சறுக்கினால் மேற்பரப்பு சூடேறும், சூடேறினால் பிடி இன்னும் குறையும், இரண்டு மூன்று சுற்றில் ஓட்டுநரே பின்வாங்கிவிடுவார். ரேஸ் பார்க்கிறவர்களுக்கு அது ஆர்வமில்லாத ஓட்டம் மாதிரித் தெரியும், அவர் டயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

எவ்வளவு இழப்பு என்பதற்கு எஃப்1 தானே வெளியிட்ட எண்கள் உண்டு. பழைய விதிப்படியான கார், முன்னால் உள்ள காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும்போது டவுன்ஃபோர்ஸில் 35 சதவீதமும், 10 மீட்டரில் 46 சதவீதமும் இழந்தது. 2022 விதிகளின்படி அது 20 மீட்டரில் 4 சதவீதம், 10 மீட்டரில் 18 சதவீதம் என்றார்கள். 20 மீட்டர் என்பது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்: மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது 0.36 வினாடிதான். இந்த எண்கள் பொய்யில்லை, ஆனால் இவை விதியை எழுதியவர்கள் வரைந்த மாதிரிக் காருக்கானவை. அணிகள் கட்டிய கார்களுக்கானவை இல்லை. பின்னால் நடந்ததெல்லாம் இந்த இடைவெளியில்தான் நடந்தது.

2022 விதியின் யோசனை நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காருக்கு அடியில் வென்சுரி சுரங்கம் மாதிரி, நடுவில் குறுகிக் காற்றை வேகமாக ஓடவைக்கும் இரண்டு பாதைகள் வைத்து டவுன்ஃபோர்ஸின் பெரும்பகுதியைத் தளத்திலிருந்து எடுத்தார்கள், பக்கவாட்டில் இருந்த பார்ஜ்போர்டு என்ற சிக்கலான தகடுகளை எல்லாம் தூக்கினார்கள், ரியர் விங்கின் ஓரங்களை வளைத்துவிட்டார்கள், முன் சக்கரத்துக்கு மேலே சின்னச் சின்ன விங் வைத்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: கலங்கிய காற்றை உள்பக்கமாகச் சுருட்டி, உயரத் தூக்கி, பின்னால் வருகிறவரின் தலைக்கு மேலே அனுப்பிவிட வேண்டும்.

ஆனால் ஒரு அணியில் வேலை செய்யும் ஏரோ ஆள் என்ன செய்வார் என்று யோசியுங்கள். அவர் காருக்கு மிகப் பெரிய தலைவலி முன் சக்கரம் கிளப்பும் காற்று. அதை உள்ளே விட்டால் தன் தளமே கெட்டுப்போகும். அதனால் அதை முடிந்த அளவு வெளிப்பக்கம் தள்ளப் பார்ப்பார், அவுட்வாஷ் என்பார்கள். தள்ளினால் கால் வினாடி லாபம், தள்ளப்பட்ட காற்று பின்னால் விரிந்து அடுத்த காரின் பாதையில் விழுகிறது, அது அவர் பிரச்சினை இல்லை. சொல்லப்போனால் அவருக்கு அதுவும் லாபம்தான். மூன்று வருஷத்தில் ஃப்ரண்ட் விங்கின் ஓரத் தகட்டிலும் முன் பிரேக் டக்டின் (பிரேக்கைக் குளிரவைக்கும் காற்றுவழி) உள்பக்கத்திலும் தளத்தின் விளிம்பிலும் விதி சொல்லாமல் விட்ட இடங்களைத் தேடித்தேடி அந்த அவுட்வாஷைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுதான் நீங்கள் 2024, 2025இல் பார்த்தது. அணிகளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர்கள் வேலையே அதுதான். தன் காரை வேகமாக்குவதற்குத்தான் சம்பளம், பின்னால் வருகிறவருக்கு நல்ல காற்று கொடுப்பதற்கு இல்லை. இதைத் தடுக்க வேண்டுமானால் காரின் வடிவத்தோடு நிறுத்தாமல், பின்னால் விடும் காற்றையே அளந்து வரம்பு போட வேண்டும் என்பது என் கருத்து. கணினியில் அது முடியாத காரியம் இல்லை, ஆனால் எல்லா அணிகளும் ஒப்புக்கொள்ளும் ஒரு அளவுகோலை வைப்பது லேசும் இல்லை.

இதே கதை 2009இலும் நடந்தது. பாடி லோ, பாட் சைமண்ட்ஸ், ரோரி பிர்ன் என்ற மூன்று அனுபவசாலிப் பொறியாளர்களை வைத்து ஓவர்டேக்கிங் குழு ஒன்று அமைத்து, டவுன்ஃபோர்ஸைப் பாதியாக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஃப்ரண்ட் விங்கைக் காரின் முழு அகலத்துக்கு, 1800 மி.மீ. ஆக்கினார்கள், ரியர் விங்கை 1000 மி.மீ.இலிருந்து 750க்குக் குறுக்கி உயரத் தூக்கினார்கள். பின்னால் போகும்போது இழந்த முன்பிடியை மீட்டுக்கொள்ள, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஃப்ரண்ட் விங் இதழை ஓட்டுநரே சரிசெய்யவும் வழி வைத்தார்கள். சீசன் தொடங்கும்போதே பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூன்று அணிகளும் இரட்டை டிஃப்யூசரோடு (காரின் பின்பக்க அடியில் காற்றை விரித்து வெளியேற்றும் பகுதியை இரண்டு அடுக்காக்கியது) வந்து நின்றன, மேல்முறையீடு வரை போய் அது செல்லும் என்று தீர்ப்பானது. எடுத்த டவுன்ஃபோர்ஸில் நிறைய திரும்ப வந்துவிட்டது, அதுவும் பின்னால் வருகிறவருக்குத் தொல்லை தரும் இடத்திலிருந்தே. அகலமான ஃப்ரண்ட் விங்கின் ஓரம் சரியாக டயருக்கு முன்னால் வந்து நின்றதால், அதை வைத்தே காற்றை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டார்கள். அந்த இரட்டை டிஃப்யூசர் அணியை நடத்திய ராஸ் பிரான்தான் பிற்பாடு எஃப்1 நிர்வாகத்துக்கு வந்து, பாட் சைமண்ட்ஸையும் சேர்த்துக்கொண்டு 2022 விதிக்கு அடித்தளம் போட்டார். ஓட்டை எங்கே விழும் என்று தெரிந்த ஆள் எழுதியும் மூன்று வருஷத்தில் ஓட்டை விழுந்தது.

2017 இதைவிட நேரடியான பாடம். அப்போது கேட்டது ஓவர்டேக் இல்லை, வேகம். கார் அகலத்தை 1800இலிருந்து 2000 மி.மீ. ஆக்கி, முன் டயரை 245இலிருந்து 305க்கும் பின் டயரை 325இலிருந்து 405க்கும் அகலப்படுத்தி, டவுன்ஃபோர்ஸைக் கூட்டினார்கள். சுற்று நேரம் பல வினாடி குறைந்தது, ஓவர்டேக் எண்ணிக்கை முந்தைய வருஷத்தில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. இதில் ஆச்சரியமே இல்லை. டவுன்ஃபோர்ஸ் கூடினால் காற்றை நம்பியிருப்பதும் கூடும், பிரேக் போடும் தூரமும் சுருங்கும். பிரேக் போடும் இடம்தான் முந்தும் இடம், நூறு மீட்டர் சொச்சத்தில் முந்நூறிலிருந்து எண்பதுக்கு வந்துவிடுகிற காரில் "இன்னும் கொஞ்சம் தாமதமாகப் போடுகிறேன்" என்று சொல்ல எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கும்?

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முந்த வேண்டுமானால் நேர்ச்சாலையில் முன்னால் உள்ளவரை விட வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தருவது ஸ்லிப்ஸ்ட்ரீம். ஸ்லிப்ஸ்ட்ரீமைத் தருவது அதே கலங்கிய காற்று. 2022 விதி அந்தக் காற்றைத் தலைக்கு மேலே தூக்கி அனுப்பியபோது வளைவில் தொடர்வது சுலபமானது, ஆனால் நேர்ச்சாலையில் கிடைத்த ஸ்லிப்ஸ்ட்ரீம் உதவியும் கூடவே குறைந்துபோனது. நெருங்கிவிட்டார், தாண்ட முடியவில்லை. டிஆர்எஸ்ஸை எடுக்கப்போகிறோம் என்ற பேச்சு அடங்கி அது தொடர்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நெருங்கினால் மட்டும் போதாது என்பதற்கு என் மனசில் அழியாமல் நிற்பது 2010 அபுதாபி. ஃபெராரி ஓட்டுநர் அலோன்சோ புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் அந்தப் போட்டிக்கு வந்தார். சீக்கிரமே டயர் மாற்றி வெளியே வந்தால் முன்னால் ரெனோ காரில் பெட்ரோவ். ஃபெராரி வேகமான கார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ரெனோ நேர்ச்சாலையில் பறந்தது, வளைவிலிருந்து வெளியே வரும்போது அலோன்சோவால் போதுமான அளவு கிட்டே இருக்க முடியவில்லை. கிட்டத்தட்ட நாற்பது சுற்று அப்படியே போனது. அலோன்சோ ஏழாவது, பெட்ரோவ் ஆறாவது, பட்டம் நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஃபெட்டலுக்கு. அடுத்த வருஷமே, 2011இல், டிஆர்எஸ் வந்தது. அது முன்பே முடிவான விஷயம், ஆனால் அந்தப் போட்டியைப் பார்த்த யாரும் அது தேவையில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். முன்னால் உள்ளவருக்கு ஒரு வினாடிக்குள் இருந்தால் ரியர் விங் இதழைத் திறந்துகொள்ள முடிந்தது, காற்றுத் தடை குறைந்து வேகம் கூடியது. 2019இல் அந்தத் திறப்பை 65 மி.மீ.இலிருந்து 85 ஆக்கியதும், அதற்கு முன் 2017 கார்களில் முந்துவது எவ்வளவு கஷ்டமாகியிருந்தது என்பதற்குச் சாட்சி. எனக்கு டிஆர்எஸ் பிடிக்காது. நடுச்சாலையிலேயே தாண்டி முடித்துவிடுகிற ஓவர்டேக்கில் தற்காப்பு ஆட்டத்துக்கு இடமே இல்லை. ஆனால் அது இல்லாமல் 2011 முதல் 2021 வரையிலான கார்களை ஓடவிட்டிருந்தால் அபுதாபிகள்தான் வரிசையாக வந்திருக்கும்.

அபுதாபியில் தப்பு காரில் மட்டும் இல்லை, தடத்திலும் இருந்தது. நீண்ட நேர்ச்சாலைக்கு முன்னால் மெதுவான சிக்கேன் (இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் திருப்பம்) வைத்திருந்தார்கள், 2021இல் அதை எடுத்துவிட்டு அகலமான ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) ஆக்கினார்கள். ஒரு வினாடி இடைவெளி என்பது 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர், 300 கி.மீ. வேகத்தில் 83 மீட்டர். வளைவில் ஒட்டியிருப்பதாகத் தெரிகிற கார், நேர்ச்சாலையில் தன்னால் தள்ளிப்போய்விடும்.

இதுவரை சொன்னதில் காற்று பற்றியது உறுதியானது. இனிச் சொல்வது அவ்வளவு உறுதியில்லை. 2025இல் ஓவர்டேக் கஷ்டமானதில் எத்தனை பங்கு காற்றுக்கு, எத்தனை பங்கு டயருக்கு, எத்தனை பங்கு கார்கள் எல்லாம் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டதற்கு என்று யாராலும் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். கடைசிக் காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு விதி நான்காவது வருஷத்துக்கு வரும்போது எல்லோருக்கும் விடை தெரிந்துவிடும், தகுதிச் சுற்றில் முதல் ஆளுக்கும் பதினைந்தாவது ஆளுக்கும் ஒரு வினாடிகூட இல்லாத நாட்கள் வரும். அதற்கப்புறம் வேகமானவரை முன்னாலும் மெதுவானவரைப் பின்னாலும் நிறுத்தி ரேஸைத் தொடங்கினால், பின்னால் இருப்பவர் முன்னால் வர என்ன காரணம் இருக்கிறது? எஃப்1க்கு அடுத்த நிலையான எஃப்2இன் ஸ்பிரிண்ட் (குறுகிய) ரேஸில் முதல் பத்து இடத்தைத் தலைகீழாக்கித் தொடங்குவதால்தான் அங்கே அவ்வளவு ஓவர்டேக். ஓவர்டேக் புள்ளிவிவரங்களையும் கவனமாகப் படியுங்கள், முதல் சுற்றைச் சேர்ப்பதா, புது டயரில் வந்து பழைய டயர்காரரைத் தாண்டியதைச் சேர்ப்பதா என்று ஆளுக்கு ஒரு மாதிரி எண்ணுகிறார்கள்.

"அந்தக் காலத்தில் டிஆர்எஸ் இல்லாமலே முந்தினார்களே" என்றும் கேட்டிருந்தீர்கள். முந்தினார்கள். 1989இல் ஃபெராரி ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த கியர்பாக்ஸைக் கொண்டுவரும் வரை எல்லோரும் கையால்தான் கியர் போட்டார்கள், ஒரு கியர் தவறினால் பின்னால் வருகிறவர் தாண்டிவிடுவார். எஞ்சின் பாதி வழியில் உடையும், டர்போ அழுத்தத்தை ஆளுக்கு ஒரு நேரத்தில் கூட்டுவார்கள். கார் கெட்டிக்காரத்தனமாக இல்லாததால் வந்த ஓவர்டேக் அது, காற்று நன்றாக இருந்ததால் இல்லை. குறுகலான தெருக்களில் நடக்கும் மொனாக்கோ போட்டியில் 1992இல் புது டயரோடு பறந்து வந்த மான்செல், கடைசிச் சுற்றுகளில் சென்னாவின் பின்னால் இடமும் வலமும் தேடித்தேடி முடியாமல் இரண்டாவதாக வந்தார். அந்தக் கார்கள் இப்போதையதை விடச் சிறியவை. 2024 மொனாக்கோவில் முதல் பத்துப் பேரும் தொடங்கிய வரிசையிலேயே முடித்தார்கள். இரண்டு மீட்டர் அகலமும் ஐந்தரை மீட்டர் நீளமும் உள்ள காரை அந்தத் தெருவில் விட்டால் ஏரோ விதி எதுவும் காப்பாற்றாது.

இதனால்தான் 2026 விதிப்புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதிகம் பேசப்படாத எண்கள்: அகலம் 1900 மி.மீ., வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) 3600இலிருந்து 3400, குறைந்தபட்ச எடை 768 கிலோ. டிஆர்எஸ் போய்விட்டது. நேர்ச்சாலையில் முன் பின் இரண்டு விங்கும் எல்லோருக்கும் மடங்கிக் காற்றுத் தடையைக் குறைக்கும், அதனால் அது முந்துவதற்கான சலுகை இல்லை. முந்துகிறவருக்குக் கிடைப்பது கூடுதல் மின்சக்தி, அதுவும் ஒரு வினாடிக்குள் இருந்தால். எஞ்சினோடு சேர்ந்து காரை ஓட்டும் மின் மோட்டாரின் பலம் 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆகியிருப்பதால், அந்தச் சக்தியை எங்கே செலவழிப்பது என்பதில் இரண்டு ஓட்டுநர்களுக்கும் வேறு வேறு முடிவு எடுக்க இடம் இருக்கிறது, வேக வித்தியாசம் அங்கிருந்து வர வேண்டும் என்பது எண்ணம். காற்றை உள்பக்கம் தள்ள முன் சக்கரத்துக்குப் பின்னால் பலகைகளையும் வைத்திருக்கிறார்கள். முதல் சில போட்டிகளை வைத்து இதற்கு மார்க் போடாதீர்கள், நல்லதோ கெட்டதோ. 2022உம் முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது, விதியின் உண்மையான சோதனை அணிகள் அதை இரண்டு மூன்று வருஷம் அரித்த பிறகுதான் தெரியும்.

அதை நீங்களே வீட்டிலிருந்து பார்க்க ஒரு இடம் சொல்கிறேன். பார்சிலோனா தடத்தில் கடைசி இரண்டு வளைவும் வேகமானவை. 2007இல் ஓவர்டேக்குக்கு உதவும் என்று நினைத்து அங்கே ஒரு சிக்கேனை வைத்தார்கள், உதவவில்லை, 2023இல் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் கடைசி வளைவைச் சுத்தமான காற்றில் முழு ஆக்ஸிலேட்டரில் எடுக்க முடிந்தது. ஒரு கார் இன்னொன்றை விரட்டும்போது பின்னால் வருகிறவரின் ஆன்போர்டு கேமராவைப் பாருங்கள், அந்த வளைவில் அவர் ஸ்டியரிங்கை எவ்வளவு கூடுதலாகத் திருப்புகிறார், ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுக்கிறாரா என்று கவனியுங்கள். வருஷா வருஷம் அதே இடத்தில் அதைப் பார்த்து வந்தால், விதி எந்த வருஷத்தில் நழுவ ஆரம்பித்தது என்பது அறிக்கை வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.